பனமலை உச்சியில் மைனஸ் பத்து டெசிபல்: பரவல் நிறமாலைச் செல்பேசி அலைகளில் தனிச்சேனல் மதிப்பைப் படிக்கும் முறை

3ஜி வலையமைப்பை வண்டியில் சென்று அளக்கும் டிரைவ் டெஸ்ட் அறிக்கைகளில் பைலட் சேனலின் ஈசி/ஐஓ மதிப்பை நிறம் தீட்டிய வரைபடமாகக் காட்டுவது வழக்கம். பச்சை என்றால் நல்லது, சிவப்பு என்றால் கெட்டது. ஒரு சேனலின் மதிப்பு அந்தச் சேனலைப் பற்றிய செய்தி என்று கொள்வதால் வரும் வழக்கம் இது. உண்மையில் அது ஒரு பங்கு. கருவிக்குள் வந்துசேரும் மொத்தத் திறனில் பைலட்டுக்குக் கிடைத்த பங்கை மட்டுமே அது சொல்கிறது. பங்கு ஏன் குறைந்தது என்பதை அந்த எண்ணிலிருந்து அறிய முடியாது.

இதைச் சோதித்துப் பார்க்கத் தக்க இடம் பனமலை. விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே, ஏரியை ஒட்டி நிற்கும் குன்று. இராஜசிம்மப் பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயிலையும் அதன் ஓவியத்தையும் காண வருவோர்தாம் மிகுதி. வானலை ஆய்வாளருக்கோ அதன் உயரம் முக்கியம். பார்ப்பவர் தரைமட்டத்துக்கு 50 மீட்டர் மேலே இருப்பதாகவும், டவர் 40 மீட்டர் உயரம் என்றும் கொண்டால், வானலைத் தொடுவானம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். வயல் வரப்பில் நிற்பவருக்கு அது 31 கிலோமீட்டர். அதையும் தோப்பும் வீடும் வெகுவாகக் குறைத்துவிடும். ஆக, கீழே ஒன்றிரண்டு டவர் கேட்கும் இடத்தில் மேலே பல கேட்க வாய்ப்புண்டு. கீழ்வரும் எண்கள் களத்தில் எடுத்தவை அல்ல, கணக்கிட்டவை.

3ஜியின் டபிள்யூசிடிஎம்ஏ முறையில் இயங்கும் டவர் ஒன்று தன் உச்சத் திறனில் 10 விழுக்காட்டைப் பைலட்டுக்குத் தருகிறது என்போம். பைலட்டையும் சேர்த்துப் பொதுச் சேனல்கள் அனைத்துக்கும் 20 விழுக்காடு. முதல் நிலை: ஒரே டவர்தான் கேட்கிறது, அதுவும் முழுச் சுமையில். பைலட்டின் பங்கு பத்தில் ஒன்று; ஈசி/ஐஓ −10 டெசிபல். இரண்டாம் நிலை: ஐந்து டவர்களின் பைலட்டுகள் முதல் நிலையில் கேட்ட அதே வலுவில் கேட்கின்றன, எதிலும் அழைப்பே இல்லை. மொத்தம் ஐந்து இருபதுகள், அதாவது நூறு. ஒரு பைலட்டின் பங்கு மறுபடியும் பத்தில் ஒன்று, அதே −10 டெசிபல்.

ஆர்எஸ்சிபி (பைலட் வலு), ஆர்எஸ்எஸ்ஐ (மொத்த வலு) இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மறுப்பு. தெரியாது. மேற்கண்ட இரு நிலைகளிலும் பைலட் வலு ஒன்றே, மொத்த வலுவும் ஒன்றே. மூன்று எண்களும் அச்சு மாறாமல் ஒத்துப்போகும். காரணமோ முற்றிலும் வேறு: அங்கே நெரிசல், இங்கே டவர்களின் மேற்பொருந்தல்.

வேறுபாட்டைக் காட்டக்கூடியவை இரண்டு. ஒன்று, ஸ்கேனர் தரும் பைலட் பட்டியல். 512 முதன்மை ஸ்க்ராம்பிளிங் குறியீடுகளையும் தேடும் ஸ்கேனர், சம வலுவுள்ள ஐந்து பைலட்டுகளையும் வரிசையாகக் காட்டிவிடும். கைபேசி தனக்குத் தரப்பட்ட அண்டை டவர் பட்டியலையே பெரிதும் நம்பி இயங்குகிறது. சமவெளிக்கென எழுதிய அந்தப் பட்டியலில் தொலைவிலுள்ள டவர் இல்லையென்றால் அது வெறும் இரைச்சலாகவே கணக்கில் சேரும். மற்றொன்று நேரம். இதைக் களப்பொறியாளர்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. நள்ளிரவில் சுமை வடிந்ததும் முதல் நிலையின் மதிப்பு −3 வரை ஏறும். இரண்டாம் நிலையில் −10தான் எட்டக்கூடிய உச்சம். பகலில் ஐந்தும் நிரம்பினால் −17க்கு இறங்கும். ஒன்றுக்குக் கடைநிலையாக இருப்பது மற்றதற்கு உச்சநிலை. ஒரே பகலில் எடுத்து முடித்த வரைபடத்தில் இது பதிவாகாது.

தவறாகப் படித்தால் செலவு பெரிது. 2010 ஏலத்தில் தமிழ்நாட்டு வட்டத்தில் 3ஜி அலைக்கற்றை வென்ற தனியார் நிறுவனங்களுக்குத் தலா 5 மெகாஹெர்ட்ஸ் இணை ஒன்றே கிடைத்தது. அந்த அலைவரிசையில் இரண்டாம் கேரியருக்கு இடமிருக்கவில்லை. நெரிசல் என்று முடிவு செய்தால் புது டவர்தான் வழியாக இருந்தது. இரண்டாம் நிலையில் அதே வலுவில் ஆறாவதாக ஒன்று வந்தால் சுமையற்ற மதிப்பும் −10.8 ஆகிவிடும். அங்கே தேவை, தொலை டவர்களின் ஆன்டெனாவைச் சற்றுக் கீழே சாய்ப்பதும், மலைக்கு அருகிலுள்ள ஒரு செக்டரை மேலோங்க விடுவதும். கைபேசி மூன்று டவர்களோடு ஒரே நேரத்தில் இணைந்தாலும் மீதி இரண்டு குறுக்கீடாகவே நிற்கும்.

ஒவ்வொரு பரவல் குறியீட்டிலும் உள்ள திறனைத் தனித்தனிக் கம்பமாகக் காட்டும் குறியீட்டுத் திறன் வரைபடத்திலும் இதே குழப்பம் உண்டு. டவரில் கேபிள் வழி அளக்கும்போது, பயன்படாத குறியீடுகளின் தளம் உயர்ந்திருந்தால் பெருக்கியையோ பண்பேற்றியையோ ஐயுறலாம். வான்வழி அளக்கும்போது அந்த ஐயம் செல்லாது. இரு பாதைகளின் நீளம் 78 மீட்டர் வேறுபட்டாலே ஒரு சிப் (பரவல் குறியீட்டின் மிகச்சிறு கால அலகு) தாமதம். நேரடி அலையைவிட 10 டெசிபல் தாழ்ந்த எதிரொலி அவ்வளவு பிந்தி வந்தால் அதன் திறன் 256 குறியீடுகளிலும் சிதறி, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ −34 டெசிபல் கசிவாகத் தெரியும். டவருக்கு வகுத்த உச்சக் குறியீட்டுப் பிழையின் வரம்போ −33. இது சராசரிதான், ஏற்ற இறக்கத்தில் எளிதில் வரம்பைத் தாண்டும். பழுதே இல்லாத டவர் தேர்வில் தோற்றதுபோல் காட்சி தரும்.

எண்ணிக்கையிலும் பொறி இருக்கிறது. பரவல் காரணி 16 கொண்ட ஒரு தரவுச் சேனலை 256 என்ற அளவில் விரித்துப் பார்த்தால் பதினாறு கம்பங்களாகப் பிரியும், ஒவ்வொன்றும் 12 டெசிபல் குறைவாக. பதினாறு பயனர்கள் என்று எழுதிவிடுவது எளிது.

4ஜியின் எல்டிஇ பரவல் நிறமாலை முறை அல்ல. ஆனால் அங்கு ஈசி/ஐஓவுக்கு இணையாகப் பயன்படும் ஆர்எஸ்ஆர்கியூவும் பங்குதான். ஓர் ஆன்டெனா கொண்ட டவர், வேறு குறுக்கீடே இல்லாதபோதும், சுமையின்றி −3 காட்டும். முழுச் சுமையில் −10.8. பழைய நிற வரைபடங்களை அப்படியே புதிய அறிக்கைகளுக்குக் கொண்டுவருவோர், அளந்த நேரத்தையும் கேட்ட டவர்களின் பட்டியலையும் ஒவ்வொரு புள்ளியோடும் சேர்த்தே பதிவிட வேண்டும்.