துதிக்கை தூக்கிய எழுத்துகள்

பெங்களூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், ஊரிலிருந்து துணிமணிகளோடு வந்து சேர்ந்த பழைய நூல் ஒன்றேனும் இருக்கும். அத்தகைய நூலொன்றை அண்மையில் நம் பேத்தியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயின்று, தமிழை வீட்டிலேயே கற்றவள் அவள். தடையின்றி வாசித்து வந்த சிறுமி 'மலை' என்ற சொல்லில் நின்றுவிட்டாள். "தாத்தா, இது என்ன எழுத்து?"

அங்கே லகரத்திற்கு முன் நாம் இன்று எழுதும் ஐகாரக் குறி இல்லை. இடப்புறத்தே யானைத் துதிக்கை போன்றதொரு சுழி வளைந்து நின்றது. ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் முன்னர் அவ்வாறே அச்சாயின. ணா, றா, னா முதலியவற்றிற்கும் தனிச்சுழிகள் இருந்தன.

தமிழ் அச்சு என்றும் ஒருபடித்தாய் நின்றதன்று. 1578இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' நூலில் மெய்க்குப் புள்ளி இல்லை. எகர ஏகார வேறுபாடும் இல்லை. ஏட்டு வழக்கை அப்படியே ஈயத்தில் வார்த்தனர். தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த எழுத்துகளோ அளவிற் பெரியவை, தாளை விழுங்கின. எனவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டை முடித்தனர். தாளின் விலையும் எழுத்தின் வடிவை வரையறுக்கும் போலும்! 1862இல் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் ஹண்ட் என்பார் அச்சிட்ட வின்சுலோ அகராதியில், 67,000க்கு மேற்பட்ட சொற்கள் ஒரே தொகுதியில் அடங்கின. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1858இல், நம் பெங்களூரின் வெஸ்லியன் மிஷன் அச்சகம் ரீவின் கன்னட அகராதியைத் திருத்திப் பதிப்பித்தது.

தனிச்சுழி எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி வார்ப்பு வேண்டும். அச்சுக்கோப்பவரின் பெட்டியில் தனியறையும் வேண்டும். தட்டச்சுப் பொறிக்கோ இது பெருஞ்சுமை. பெரியார் 1935 முதல் தம் 'குடி அரசு' இதழில் சீர்திருந்திய வடிவங்களைக் கையாண்டார். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு அவற்றுள் பதின்மூன்று எழுத்துகளை ஏற்று ஆணையிட்டது. கற்போர்க்கு அது பெருநன்மை என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் பழைய வடிவங்களைப் பாடநூலின் ஒரு பக்கத்திலாவது அறிமுகம் செய்து வைத்திருக்கலாம்.

கேரளத்தாரும் 1971இல் எழுத்தைச் சீர்திருத்தினர். ஆயினும் 1999இல் சித்ரஜகுமார், உசேன் முதலியோர் 'ரசனா' என்னும் எழுத்துருவால் மலையாளத்தின் பழைய கூட்டெழுத்துகளைக் கணினியில் மீட்டனர். தட்டச்சுப் பொறி இட்ட தளை கணினிக்கு இல்லையன்றோ? யூனிக்கோடு முறையில் 'லை' என்பதன் குறியீடு ஒன்றே. துதிக்கையோடு காட்டுவதும் இல்லாமற் காட்டுவதும் எழுத்துருவை வரைபவர் விருப்பம். பெங்களூரிலேயே யுனிவர்சல் தர்ஸ்ட் போன்ற எழுத்துருக் கூடங்கள் இந்திய எழுத்துகளை வரைந்து வருகின்றன. பழம்பதிப்புகளை மீண்டும் வெளியிடுவோர் இத்தகையோரை நாடி, அக்காலத்து வடிவிலேயே நூலைத் தருவாராயின் நன்று. அன்றாட எழுத்தைப் பின்னோக்கித் திருப்ப நாம் கேட்கவில்லை. பாட்டனார் வாங்கிய நூல் பேத்திக்கு அயல்மொழி ஆகிவிடலாகாது என்றே கேட்கின்றோம்.

'மலை'யைத் தாளில் எழுதிக் காட்டினோம். இரண்டு பக்கம் கடந்து 'யானை' என்ற சொல் வந்தது. சுழியை விரலால் தொட்டுச் சிரித்துவிட்டு, கேளாமலே படித்துச் சென்றாள்.