மைனருக்குள் ஒரு டட்சன்

பெரகலைச் சந்தியிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும் வளைவுகளில் மூடுபனிக்குள்ளிருந்து ஒரு மொரிஸ் மைனர் வெளிப்பட்டால், பழைய கார் பழகியவர்கள் முதலில் காதைத்தான் தீட்டுவார்கள். உருண்ட முதுகும் அகன்ற கண் விளக்குகளும் எல்லா மைனருக்கும் ஒன்றுதான், சத்தம் அப்படியல்ல. எக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுத்ததும் சைலன்சரில் ‘பொடபொட’வென்று ஒரு பொருமல் எழுந்தால், உள்ளே இருப்பது பிறப்போடு வந்த எஞ்சின். பொருமாமல் வழுக்கிக்கொண்டு போனால் ஜப்பான். பொனட் அதிரக் ‘கடகட’த்தால் டீசல்.

ஊவா மலைகளில் பழைய கார் வாங்குவதென்றால், எஞ்சின் மாறிய காரையோ இனி மாற்றியாக வேண்டிய காரையோ வாங்குவதென்றே பெரும்பாலும் பொருள். அதற்கான காரணம் பாதி கராஜில் இருக்கிறது; மீதி, நாட்டின் அந்நியச் செலாவணிக் கணக்கில்.

தேயிலை வந்த காலத்தில் இங்கே கார் இல்லை. தாமஸ் லிப்டன் 1890இல் தம்பேத்தன்னைத் தொழிற்சாலையைக் கட்டியபோது இயந்திரங்கள் மலையேறியது மாட்டு வண்டியில். ரயில் பாதை பதுளையைத் தொட்டதே 1924இல்தான். ஆனால் இலங்கை மோட்டார் கழகம் 1904இலேயே தோன்றிவிட்டது. பெற்றோல் வண்டியை முதலில் நம்பியவர்களில் தோட்டத்துரைமாரும் உண்டு. பங்களாவுக்கும் கிளப்புக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையே பல மைல் மலைப்பாதை கிடந்ததால், கார் அவர்களுக்கு ஆடம்பரமாக மட்டும் இருக்கவில்லை. 1931இல் சர் தாமஸ் வில்லியர்ஸ் அப்புத்தளையில் அடிசம் மாளிகையைக் கட்டினார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1934இல், நுவரெலியாவின் மகாகஸ்தோட்டையில் மலையேற்றக் கார்ப் பந்தயம் தொடங்கியது. மலை அதற்குள் மோட்டாருக்குப் பழகிவிட்டிருந்தது.

துரை பின்னால் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கும் ஸ்பேனரும் டிரைவர் கையில் இருந்தன. தேயிலைத் தொழிற்சாலையின் எண்ணெய் எஞ்சினைக் கழற்றிப் பூட்டிய அதே கை, கார் பிஸ்டனையும் கழற்றியது. மலைநாட்டுக் கராஜ்களில் பலர் தொழில் பழகியது பாடசாலையில் அல்ல, தொழிற்சாலைக் கொட்டகையில்.

அந்தக் கைகளுக்கு வாகாக வந்து சேர்ந்த கார்தான் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இது, 1948இல் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளியானது. வெளியாகுமுன்பே அதன் எஞ்சின் மாறிவிட்டது என்பதுதான் வேடிக்கை. இரு பக்கமும் படுத்திருக்கும் நான்கு சிலிண்டர் எஞ்சினுக்காகவே இசிகோனிஸ் பொனட்டின் அடியை அகலமாக வைத்தார். அந்த எஞ்சின் கைவிடப்பட்டது; பழைய 918 சிசி எஞ்சின் உள்ளே போனது; அகலம் அப்படியே நின்றது. 1952இல் 803 சிசி, 1956இல் 948 சிசி, 1962இல் 1098 சிசி என்று கம்பனியே எஞ்சினை மாற்றிக்கொண்டு வந்தது. இரு பக்கமும் கை நுழையும்படி இருந்த அந்த வெற்றிடம், பிற்காலத்தில் அப்புத்தளைக் கராஜ் பாஸ்மாருக்கு வாய்த்த வரமாயிற்று.

மலை எஞ்சினிடம் தனியாக ஒரு வரி வசூலிக்கிறது. அப்புத்தளை ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நூறு மீற்றர் ஏறினால் நூற்றில் ஒரு பங்கு வலு குறையும் என்பது மோட்டார்க்காரர்களின் தோராயக் கணக்கு. 948 சிசி மைனரின் 37 குதிரை வலு இங்கே 32ஐக்கூடத் தொடாது. அந்த மிச்ச வலுவில்தான் நாலு பேரும் ஒரு மூட்டை மரக்கறியும் மேலேற வேண்டும். இரண்டாம் கியரில் முக்கிக்கொண்டு ஏறும் எஞ்சினில் ரிங் தேயும், ரேடியேட்டர் கொதிக்கும், சிலிண்டர் சுவரும் தேயும். ஒரு தடவை ரீபோர் அடிக்கலாம், இரண்டு தடவை அடிக்கலாம், பிறகு ஸ்லீவ் போடலாம். அதற்கு அப்பால் வேறு எஞ்சின்தான் வழி.

வேறு எஞ்சின் எங்கிருந்து வரும்? 1960களின் தொடக்கத்தில் செலாவணி வற்றியது. கார் இறக்குமதி இறுகியது. 1964இல் அமெரிக்காவில் போண்டியாக் ஜிடிஓ 6.4 லீற்றர் எஞ்சினோடும் 325 குதிரை வலுவோடும் இறங்கி, ‘மசில் கார்’ மோகத்தைக் கிளப்பியது. அதே ஆண்டில் இலங்கையில் ஒருவர் 948 சிசி எஞ்சினுக்கு ஒரு செட் ரிங் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதே 1964இல்தான். அதன்படி இந்திய வம்சாவளித் தமிழர் 5,25,000 பேர் இந்தியா போக வேண்டும் என்றானது. தலைமன்னார்க் கப்பலேறிய குடும்பங்களோடு, ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த கைகளும் கடல் தாண்டின. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. துரைமார் கிளம்பினார்கள், அவர்களுடைய மைனரும் ஒஸ்டினும் லேண்ட் ரோவரும் ஊரில் தங்கின. கடைக்கார முதலாளியிடமும் ஆசிரியரிடமும் வாடகைக் கார்க்காரரிடமும் அவை கைமாறின.

அந்தக் கார்களின் வயதை இலக்கத் தகடே சொல்லும். ‘சிலோன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைப் பிய்த்துச் செய்த சிஎல், சிஎன், ஈஎல், ஈஎன் போன்ற வரிசைகள் மூத்தவை. 1957இலிருந்து சிங்கள ‘ஸ்ரீ’ வந்தது. தமிழர்களுக்கு அது வெறும் இலக்கத் தகடாக இருக்கவில்லை. 1958இன் ஸ்ரீ எதிர்ப்பு மலையகத்திலும் மூண்டது. பொகவந்தலாவையில் பொலிஸ் சுட்டுத் தோட்டத் தொழிலாளர்கள் இறந்தார்கள். இன்று ஈஎல் தகடு போட்ட மைனருக்குக் கூடுதல் விலை சொல்பவருக்கும் கொடுப்பவருக்கும் அந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

1977இல் பொருளாதாரம் திறந்தது. கதவு திறந்ததும் உள்ளே வந்தது ஜப்பான். அங்கே கார் பழசாகப் பழசாக அரசின் கட்டாயச் சோதனை செலவு வைக்கும். பலர் நல்ல ஓட்டத்தில் இருக்கும் காரையே தள்ளிவிடுவார்கள். அவற்றின் எஞ்சின்கள் கப்பலேறிக் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் குவிந்தன. ‘ரீகண்டிஷன்’ என்பது அங்கே வழங்கும் பெயர். கழற்றிப் புதுப்பித்ததாக நினைக்க வேண்டாம். பெரும்பாலும் கழுவித் துடைத்ததுதான். அதுவும் மூன்றாம் தடவை ரீபோர் கண்ட மைனர் எஞ்சினைவிட மேல்.

மைனருக்கு அதிகம் பொருந்தி வந்தது டட்சன் சனியின் ஏ வரிசை எஞ்சின். 1966இல் 988 சிசியாகப் பிறந்து, 1970இல் 1171 சிசியாக வளர்ந்தது. மாற்றும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அதில் எத்தனை சில்லறைச் சிக்கல் என்று புரியும். செயின் புளொக்கைக் கொட்டகை உத்தரத்தில் மாட்டிப் பழைய எஞ்சினையும் கியர்பொக்ஸையும் தூக்க வேண்டும். புதிய மவுண்டிங் வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும். ஜப்பான் கியர்பொக்ஸ் உட்காரத் தரைத் தகட்டைத் தட்டி உயர்த்த வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் முன்பாதி ஜப்பான், பின்பாதி இங்கிலாந்து. இரண்டையும் நடுவில் இணைத்து லேத்தில் நேர் பார்க்க வேண்டும். மைனரின் கிளட்ச் கம்பியால் இழுபடுவது, டட்சனுடையது எண்ணெயால் தள்ளுவது. அதற்குத் தனியாக ஒரு சிலிண்டர். கடைசியில் பற்றரி. மைனரில் பொசிட்டிவ் முனைதான் பொடியோடு சேரும், டட்சனில் நெகட்டிவ். இதை மறந்து இணைத்தால், போன வாரம் வாங்கிய ஒல்டர்நேட்டர் புகையாகிவிடும்.

இவ்வளவு பாடுபட்டு அந்நியனைக் குடியேற்றுவதாகத் தோன்றினாலும், வந்தவன் தூரத்து உறவினன்தான். 1952இல் டட்சனின் தாய்க் கம்பனியான நிசான், ஒஸ்டினோடு ஒப்பந்தம் செய்து ஏ40, ஏ50 கார்களை ஜப்பானில் பூட்டியது. ஏ50இன் ஒன்றரை லீற்றர் எஞ்சினின் ஸ்ட்ரோக்கைக் குறைத்துத்தான் 1950களின் பிற்பாதியில் டட்சன் 1000க்குரிய எஞ்சினைச் செய்தது. மைனரின் 803 சிசியும் ஒஸ்டின் கொடுத்ததே. பர்மிங்காமில் படித்த பாடம் யோக்கஹாமா வழியாக அப்புத்தளை வந்து, அண்ணன் வீட்டிலேயே குடியேறிக்கொண்டது.

டீசல் கதை இவ்வளவு உறவு கொண்டாடவில்லை. அது முழுக்க விலைக் கணக்கு. பெற்றோலைவிட டீசல் மலிவாக இருந்த காலத்தில், தோட்ட லேண்ட் ரோவர்களும் வில்லிஸ் ஜீப்புகளும் ஜப்பானிய டீசல் எஞ்சினை விழுங்கிக்கொண்டு மரக்கறியும் கொழுந்துச் சாக்கும் இழுத்தன. அழகைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இதற்கிடையே காற்று எதிர்த்திசையிலும் வீசியது. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களைப் பழுது பார்த்துவந்த சார்ள்ஸ் வேர், 1990களின் தொடக்கத்தில் தனபால சமரசேகரவோடு சேர்ந்து இலங்கையில் ஒரு நிறுவனம் தொடங்கினார். மைனருக்கான தகடுகளும் உதிரிப்பாகங்களும் இங்கே அடித்து, மைனர் பிறந்த நாட்டுக்கே ஏற்றுமதியாயின. பதினைந்து ஆண்டு பாகம் கிடைக்காமல் தட்டித் தட்டிப் பழகிய நாட்டுக்கு, தகடு அடிப்பதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்றது. 2022இல் டொலர் வற்றி, எரிபொருள் வரிசை நீண்டது. தனியார் கார்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025இல்தான். இடைப்பட்ட காலத்தில் கொட்டகைக் கார்களுக்கெல்லாம் விலை ஏறியது. இப்போது வாங்க வருபவர்கள் தலைகீழாகக் கேட்கிறார்கள்: டட்சன் வேண்டாம், பிறப்போடு வந்த எஞ்சின் வேண்டும். அன்று இரும்புக் கடையில் நிறுத்துப் போட்ட 948 சிசி புளொக்கை இன்று ஊர் ஊராகத் தேடுகிறார்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கமும் புளொக்கில் பொறித்த இலக்கமும் ஒன்றா என்று எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டிப் பார்ப்பதுதான் முதல் வேலை.

இரண்டாவது வேலை, ஓட்டிப் பார்ப்பது. விபரம் தெரிந்தவர் அதற்கு ஏற்றத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. டட்சன் எஞ்சின் எந்த ஏற்றத்தையும் ஏறிக் காட்டிவிடும். ஆனால் 948 சிசி மைனரின் முன் பிரேக் ட்ரம் வெறும் ஏழு அங்குலம்; அது 37 குதிரைக்கு அளந்து வைத்தது. எஞ்சினை மாற்றியவர் அதையும் மாற்றினாரா என்பது பொனட்டைத் திறந்தால் தெரியாது. அதனால் அப்புத்தளைக் கடைவீதியில் காரைத் திருப்பி, இரண்டாம் கியரில் பெரகலைப் பக்கம் இறக்குகிறார்கள். நாலைந்து வளைவு தாண்டி ஓரங்கட்டி, இறங்கி, முன் சக்கரத்தின் அருகே குந்தி மூக்கை நீட்டுகிறார்கள். கருகல் வாடை வந்தால் விலை அங்கேயே குறையத் தொடங்குகிறது.