அமெரிக்காவில் குதிரை இறைச்சித் தடை

மனிதர் உண்பதற்காகக் குதிரைகளை அறுப்பதைச் சட்டத்தால் தடுக்க வேண்டுமா என்னும் கேள்வி, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1990களின் இறுதியிலிருந்து பொது வாக்கெடுப்பிலும் நீதிமன்றங்களிலும் நாடாளுமன்றமாகிய காங்கிரசிலும் பலமுறை எழுந்து, இன்னும் முழுமையாகத் தீராத விலங்குநலப் பிரச்சினையாகும். அந்நாட்டு மக்களிடையே குதிரை இறைச்சி உண்ணும் வழக்கம் மிகவும் அரிது. அங்கு அறுக்கப்பட்டவற்றின் இறைச்சி பிரான்சு, பெல்ஜியம், ஜப்பான் முதலிய நாடுகளுக்கே ஏற்றுமதியானது. கடைசிவரை இயங்கிய இறைச்சிக்கூடங்களும் ஐரோப்பிய நிறுவனங்களின் உடைமையாகவே இருந்தன.

கலிபோர்னியா மாநில வாக்காளர்கள் 1998இல் ஏறத்தாழ 59 விழுக்காட்டு ஆதரவுடன் இத்தொழிலைத் தடை செய்தனர். டெக்சாசு மாநிலத்தில் குதிரை இறைச்சி விற்பனையைத் தடுக்கும் சட்டம் 1949 முதலே ஏட்டளவில் இருந்துவந்தது. அது செல்லும் என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007 தொடக்கத்தில் உறுதிசெய்ததால், ஃபோர்ட் வொர்த், காஃப்மன் ஆகிய ஊர்களில் இருந்த இரு கூடங்களும் மூடப்பட்டன. இல்லினாய் மாநிலமும் அதே ஆண்டில் சட்டம் இயற்றியதால், டிகால்ப் நகரில் எஞ்சியிருந்த கூடமும் நின்றுபோயிற்று. காஃப்மன் நகர மேயராக இருந்த பாலா பேக்கன், கூடத்திலிருந்து வந்த கழிவுநீரும் துர்நாற்றமும் ஊருக்குப் பெருந்தொல்லையாக இருந்ததை வெளிப்படையாகக் கூறிவந்தார். விலங்கின் துயரத்தோடு ஊராரின் துயரமும் சேர்ந்தபோதுதான் எதிர்ப்பு வலுப்பெற்றது என்பதை மறந்துவிடலாகாது.

1986ஆம் ஆண்டு கென்டக்கி டெர்பி பந்தயத்தில் வென்ற ஃபெர்டினாண்ட் என்னும் குதிரை, இனப்பெருக்கத்துக்காக ஜப்பானுக்கு விற்கப்பட்டு, பயன் தீர்ந்தபின் 2002இல் அறுக்கப்பட்டதாக மறு ஆண்டு வெளியான செய்தி நாட்டையே உலுக்கியது. புகழ்பெற்ற குதிரைக்கே இக்கதி என்றால், பேர் தெரியாத ஆயிரக்கணக்கானவற்றின் நிலை என்ன என்று பலரும் கேட்டனர். 2006 செப்டம்பரில் பிரதிநிதிகள் சபை 263க்கு 146 என்ற வாக்குக் கணக்கில் தடை மசோதாவை நிறைவேற்றியும், செனட் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

தடை கோருவோரின் முதன்மையான வாதம் கொல்லும் முறையைப் பற்றியது. அறுப்பதற்கு முன், மண்டையில் இரும்புத் தண்டைப் பாய்ச்சும் துப்பாக்கி போன்ற கருவியால் விலங்கை உணர்விழக்கச் செய்வது வழக்கம். மாடுகளுக்கென அமைந்த குறுகிய அடைப்பில் நிறுத்தப்படும் குதிரை, மருண்டு நீண்ட கழுத்தை வீசியடிப்பதால் குறி தவறி, ஒரே விலங்கு பலமுறை அடிபட நேர்கிறது. அதற்கு முந்தைய பயணமும் கொடியது. உணவும் நீரும் ஓய்வுமின்றி 28 மணி நேரம் வரை வண்டியில் கொண்டுசெல்ல அமெரிக்க விதிகளே இடமளிக்கின்றன.

எதிர்த்தரப்பில் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமும் குவார்ட்டர் இனக் குதிரை வளர்ப்போர் சங்கமும் நின்றன. முதிர்ந்த குதிரையைக் கருணைக் கொலை செய்து புதைக்கவும் வைத்துப் பராமரிக்கவும் ஆகும் செலவைத் தாங்காதோர், அதைப் பட்டினி போடவோ வெட்டவெளியில் விட்டுவிடவோ செய்வர் என்பது அவர்கள் வாதம். இவ்வச்சத்தை ஒதுக்கித் தள்ள இயலாது. எனினும், உரிமையாளர் தட்டிக்கழிக்கும் பொறுப்பை இறைச்சிக்கூடம் ஏற்க வேண்டும் என்னும் நியாயம் ஏற்கத்தக்கதன்று.

உள்நாட்டுத் தடையின் விளைவை காங்கிரசின் தணிக்கை அமைப்பு 2011இல் ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, இவ்விவாதத்தின் மிக முக்கியமான ஆவணமாகும். 2006 முதல் 2010 வரை மெக்சிகோவுக்கு அறுவைக்காகச் சென்ற குதிரைகள் 660 விழுக்காடும் கனடாவுக்குச் சென்றவை 148 விழுக்காடும் பெருகின. 2010இல் மட்டும் ஏறத்தாழ 1,38,000 குதிரைகள் எல்லை கடந்தன. சாவு நிற்கவில்லை, பயணம் நீண்டது, கண்காணிப்பு அகன்றது. தடையை எதிர்ப்போர் இதைத் தம் வாதத்துக்குச் சான்றாகக் காட்டினாலும், ஏற்றுமதியை விட்டுவிட்டு உள்நாட்டு அறுவையை மட்டும் தடுத்த அரைகுறைச் சட்டத்தின் பிழையையே இவ்வெண்கள் காட்டுகின்றன. பிற்காலத்தில் ஏற்றுமதி வெகுவாகக் குறைந்து, அண்மை ஆண்டுகளில் 25,000க்கும் கீழே வந்திருப்பதும் கருதத்தக்கது.

உணவுப் பாதுகாப்பும் இதில் கலந்துள்ளது. குதிரைகளின் மூட்டுவலிக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் ஃபீனைல்பியூட்டசோன் என்னும் மருந்து, மனிதரில் எலும்பு மச்சையைப் பாதித்து இரத்த அணு உற்பத்தியைக் குலைக்கக்கூடியது என்பதால், உணவாகும் விலங்குக்கு அதைத் தரலாகாது. அமெரிக்கக் குதிரைகள் உணவுக்கென வளர்க்கப்படாதவை. வாழ்நாள் முழுவதுக்குமான மருந்துப் பதிவேடும் அவற்றுக்குக் கட்டாயமில்லை. இத்தகைய ஐயங்களால் ஐரோப்பிய ஒன்றியம் மெக்சிகோவின் குதிரை இறைச்சியை 2015 முதல் தடை செய்தது.

அரசு ஆய்வாளர் சோதிக்காத இறைச்சியை விற்க இயலாது என்பதால், ஆய்வுக்கு நிதி மறுப்பதே காங்கிரசு கண்ட குறுக்குவழி. 2005இல் முதன்முதலாக ஏற்கப்பட்ட அந்த நிதி மறுப்பு, 2011 இறுதியில் கைவிடப்பட்டு, நியூ மெக்சிகோவின் ராசுவெல் நகரில் புதுக்கூடம் தொடங்கும் முயற்சி எழுந்தபின் 2014 சனவரியில் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய இவ்வேற்பாடு, ஓராண்டு விடுபட்டாலும் கதவு திறந்துவிடும் தன்மையது. அறுவையையும் ஏற்றுமதியையும் ஒருங்கே தடுக்கும் நிலையான கூட்டாட்சிச் சட்டமே இதற்குச் சரியான தீர்வு. அத்தகைய மசோதாக்கள் பலமுறை முன்வைக்கப்பட்டும் இதுவரை ஒன்றும் சட்டமாகவில்லை.