ஏட்டில் ஏறாத திண்டாட்டம்

‘வேலை காலி இல்லை’ — ஆலை வாயிலில் தொங்கும் அந்தப் பலகையைக் கண்டு திரும்புகிறான் இளைஞன். “எல்லாம் தலைவிதி” என்கிறார் ஒருவர். “உழைக்க மனமில்லை” என்கிறார் மற்றொருவர். விதியுமல்ல, சோம்பலுமல்ல, நாட்டின் பொருளியல் அமைந்த முறையிலேதான் இருக்கிறது நோயின் வேர். அந்த நோயை அளந்தறியவே நாம் பட்ட பாடு, தனியொரு வரலாறு!

பிரிட்டனில் 1911ஆம் ஆண்டுச் சட்டம், சில தொழில்களில் வேலையிழந்தோருக்குக் காப்பீடு வகுத்தது. உதவித்தொகை பெற அவர்கள் வரிசையில் நின்றனர். நின்றவர்களை அரசு எண்ணிற்று. இங்கே? வேலையில்லையென்று வீட்டிலிருக்க ஏழைக்கு ஏது வசதி? அறுவடை முடிந்தால் விறகு வெட்டுவான், மண் சுமப்பான், அரைவயிற்றுக் கூலிக்கும் இசைவான். இருவர் உழுதால் போதுமான துண்டு நிலத்திலே அண்ணன் தம்பி நால்வர் உழல்வர். இருவர் விலகினாலும் விளைச்சல் குறையாது. ஆயினும் நால்வரும் ‘உழவர்’ என்றே ஏட்டில் ஏறுவர்! இதையே மறைமுக வேலையின்மை என்பர் பொருளியல் அறிஞர்.

1956இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம், வேலையற்றோர் 53 இலட்சம் என்றது: நகரங்களில் 25 இலட்சம், சிற்றூர்களில் 28 இலட்சம். பிலாயிலும் ரூர்கேலாவிலும் துர்க்காபூரிலும் உருக்காலைகள் எழுந்தன. எழ வேண்டியவையே! ஆயின் உருக்காலை, பணத்தைப் பெரிதும் விழுங்கும். ஆட்களைச் சிறிதே ஏற்கும். வேலை தேடி வரும் புதியவர் கூட்டமோ ஆண்டுதோறும் பெருகிற்று. 1961இல் மூன்றாம் திட்டம் கணக்கிட்டபோது தொகை 90 இலட்சம். ஆலையும் வளர்ந்தது, அலைவோர் தொகையும் வளர்ந்தது!

அந்த எண்ணேனும் உண்மையா? 1968இல் தந்த்வாலா தலைமையில் அமைந்த வல்லுநர் குழு அதை ஆராய்ந்தது. உழவும் கைத்தொழிலும் நிறைந்த நாட்டில் இத்திண்டாட்டத்தை ஒற்றை எண்ணில் அடக்கலாகாது என்று 1970இல் அறிவித்தது. 1972-73இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வு, கேள்வியையே மாற்றிற்று: ஆண்டில் பெரும்பகுதி என்ன செய்தாய்? சென்ற வாரம்? வாரத்தின் ஒவ்வொரு நாளும்? ஆண்டுக் கணக்கில் மறைந்த கூலியாள், நாள் கணக்கில் வெளிப்பட்டான்.

இவ்வரலாறு அறியாதார் எண்ணைக் கண்டு ஏமாறுவர். 2017-18ஆம் ஆண்டு ஆய்வில் வேலையின்மை நூற்றுக்கு 6.1, 15 முதல் 29 வயதுள்ளோரிடையே 17.8. ஏன் இந்த ஏற்றத்தாழ்வு? பெற்றோர் நிழலில் இருக்கும் படித்த இளைஞன் தகுந்த வேலைக்குக் காத்திருக்கலாம். பசித்தவன் காத்திருக்க முடியாது. வேலை தேடிச் சலித்துத் தேடுவதையே விட்டுவிட்ட பெண்ணோ, அக்கணக்கிலேயே இல்லை! குறைந்த எண் கண்டு கொட்டு முழக்குவோர், கூலி எவ்வளவு, எத்தனை நாள் வேலை என்பதையும் சொல்லட்டும்.

மகாராட்டிரம் 1977இல் வேலை உறுதிச் சட்டம் இயற்றியது. 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், சிற்றூர்க் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 நாள் வேலை என்றது. கேட்ட 15 நாளில் வேலை தராவிடில் உதவித்தொகை என்றது. தொகை சிறிது; தத்துவம் பெரிது! வேலையின்மை தனியொருவன் குற்றமல்ல, சமுதாயத்தின் கடன் என்று சட்டமே ஒப்புக்கொண்டதன்றோ!

ஆகவே, தோழர்களே, அடுத்த முறை “தலைவிதி” என்போரிடம் ஏட்டைக் கேட்போம். ஏட்டை நீட்டினால், அதில் ஏறாதவர் எத்தனை பேர் என்றும் கேட்போம்!