விபுலானந்த அடிகளும் யாழின் கணக்கும்

மொழியிலமைந்த நூல்களை எண்ணாலும் அளவாலும் ஆராயுந் துறை, கணினி மொழியியல் என்னும் பெயரோடு இக்காலப் பல்கலைக்கழகங்களில் நிலைபெற்றுள்ளது. கணினி தோன்றிப் பரவுதற்கு முன்னரே, வாவி சூழ்ந்த மட்டக்களப்பு நாட்டிற் பிறந்த அறிஞரொருவர், பழந்தமிழ் நூல்களுட் பொதிந்து கிடந்த எண்களைக் கொண்டு, வழக்கொழிந்த யாழின் இசையை மீட்க முற்பட்டார். அவரே சுவாமி விபுலானந்தர்.

இன்று அம்பாறை மாவட்டத்தைச் சார்ந்துள்ள காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனன், மட்டுநகர் அர்ச். மிக்கேல் கல்லூரியிற் பயின்று, 1908இல் கேம்பிரிட்ஜ் சீனியர்ப் பரீட்சையிற் சித்தியெய்தினார். பின்னர் 1916இல் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமாவும், அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பட்டமும் பெற்றார். ஓராண்டில் இவ்விரண்டையும் ஈட்டியமை சிந்தித்தற்குரியது. தமிழ் கற்றார் விஞ்ஞானத்தை அணுகாமையும், விஞ்ஞானங் கற்றார் தமிழைப் பேணாமையும் பெருவழக்காயிருந்த காலம் அது. யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராய் அமர்ந்து, 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியாகி, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரும் ஆயினார். 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தையடைந்து, 1924இல் துறவு பூண்டு விபுலானந்தர் எனப் பெயர் பெற்றார். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயம் அவரது முயற்சியால் 1929இல் எழுந்தது.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர் பதவி அடிகளை நாடி வந்தது. பௌதிகமும் கணிதமும் போதித்தவர் தமிழ்ப் பேராசிரியராதல் புதுமையே. ஆயினும், அவர் பழைய கல்வியைத் துறந்தாரல்லர். 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல் மகாநாட்டுக்குத் தலைமை தாங்கி, விஞ்ஞானத்துக்குத் தமிழ்ச் சொல் வகுக்கும் பணியில் ஈடுபட்டார். விஞ்ஞானத்தைத் தமிழுக்குக் கொணர்ந்தது அம்முயற்சி. தமிழ் நூலொன்றை விஞ்ஞானத்தால் விளக்க முயன்றது யாழ் நூல். பின்னதே அரிது.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் அதற்கு அடியார்க்குநல்லார் வகுத்த உரையும் அவர் எடுத்துக்கொண்ட மூலங்கள். குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என ஏழு நரம்புகளுக்கும் அலகு கூறுவர் பழையோர், கூட்டுத்தொகை 22. செய்யுளாக ஓதுவார்க்கு இது மனனஞ் செய்யத்தக்க பட்டியல். பௌதிகம் பயின்றார்க்கோ தீர்வு வேண்டும் கணக்கு. நரம்பின் நீளத்தில் மூன்றிலிரண்டு பங்கை இயக்கின் குரலுக்கு இளி ஒலிக்கும். குரலிலிருந்து அவ்விளி 13ஆம் அலகில் நிற்கும். இம்முறையே ஒவ்வொரு நரம்பிலிருந்தும் 13 அலகு எண்ணின், ஐந்து நரம்புகளுக்கு ஐந்தாம் நரம்பு பிழையின்றி அமையும். எஞ்சிய இரண்டனுள் ஓரிடத்தில் ஓரலகும் மற்றோரிடத்தில் ஈரலகும் குறையக் காணலாம். பாலை திரியுந்தோறும் இக்குறை வெவ்வேறு நரம்பிற் சென்று விழும் ஆதலின், எண்களுள் ஒன்று பிழைப்பின் ஏழு பாலையும் ஒருங்கே பிழைக்கும். ஏட்டில் எழுத்துப் பிழைத்ததா அன்றா என்பதற்கு இலக்கணத்தைப்போல எண்ணும் இங்கே சான்று பகருகின்றது.

இவ்வளவில் இடர் தீர்ந்துவிடவில்லை. நரம்புக்குக் கூறிய அலகு, அந்நரம்புக்கு முன்னுள்ள இடைவெளியைக் குறிப்பதா, பின்னுள்ளதைக் குறிப்பதா? இரண்டாகக் கொள்ளினும் குரலுக்கும் இளிக்கும் இடையே 13 அலகே வருதலாற் கூட்டல் மட்டும் விடை தராது. முன்னுள்ளதெனக் கொள்ளின் இக்காலத்து அரிகாம்போதியின் சுரநிலையும், பின்னுள்ளதெனக் கொள்ளின் கல்யாணியின் சுரநிலையும் பிறக்கும். ஒரே எண்வரிசை, இருவேறு இராகம். இவ்விடத்திலே கணிதன் உரையாசிரியரை நாடியே தீரவேண்டும். சொற்பொருளும் மரபும் அறியாதான் கணக்கு எவ்வளவு நுட்பமாயினும் வழிதவறும். அடிகளின் இருவகைக் கல்வியும் இன்றியமையாதன ஆகும் இடம் இதுவே.

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் 22 அலகை மறுத்து 24 எனக் கொண்டதும் ஈண்டு நினைக்கத்தக்கது. விபுலானந்தர் பண்டை எண்ணையே பற்றி நின்றார். அலகு ஆராய்ச்சியோடு ஒப்பிடுகையில், யாழின் வடிவம் பற்றிய பகுதி அத்துணை உறுதியுடையதென்று சொல்லுதற்கில்லை. பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என நரம்புத் தொகை உரையிற் கிடைத்தாலும், தமிழ்நாட்டிற் பழைய யாழ் ஒன்றேனும் எஞ்சவில்லை. மரத்தின் வளைவையும் பத்தரின் ஆழத்தையும் சொல்லிலிருந்து உய்த்துணர்தல் வேறு. எண்ணிலிருந்து ஒலியைக் கணித்தல் வேறு. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு அந்நூலைப் பயிலுதல் மாணவர்க்கு நலம்.

பாயிரவியல் தொடங்கி ஒழிபியல் ஈறாக ஏழியல்களாய் நூல் அமைந்தது. அதன் முகப்பிலே நீரர மகளிர் என்னும் பாட்டு உளது. நிலாக் காலத்து இரவிற் கல்லடிப் பாலத்தருகே வாவி நீருள் எழுவதாக மட்டக்களப்பார் கூறும் இன்னொலி அப்பாட்டுக்குப் பொருள். அவ்வொலியை எழுப்புவது மீனா, மட்டியா என்று பலரும் வினாவியிருக்க, அடிகள் அதனுள் ஏழு சுரத்தையும் கேட்டார். கணக்காயர் கற்பனையில் இறங்கிய இடம் அது. கணக்கினுள் அதனை அவர் கலந்தாரில்லை.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தபோதும் யாழாராய்ச்சி நின்றிலது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் யாழ் நூல் 1947ஆம் ஆண்டு யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறிற்று. ஆறு வாரம் கழிந்த அளவில், யூலை 19ஆந் திகதி, அடிகள் இறைவனடி சேர்ந்தார். அன்னாரின் பூதவுடல் கல்லடி உப்போடைக்குக் கொணரப்பட்டுச் சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கஞ் செய்யப்பெற்றது.