வேலணையை வாசிக்கத் தெரியாத கணினி

போன வருசம் ஆய்வுக்கட்டுரைக்காகத் தீவகத்துக் கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள் எல்லாத்தையும் தேடி வாசிக்கத் தொடங்கினேன். எனக்குத் தேவைப்பட்டது அதில இருந்த கட்டுரைகள் இல்லை, கடைசிப் பக்கத்து விளம்பரங்கள். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு ஆக்கள் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் நடத்திய சுருட்டுக்கடை, பலசரக்குக்கடை, சாப்பாட்டுக்கடைகளின் பெயரும் விலாசமும் அந்த அரைப்பக்க விளம்பரங்களில்தான் மிச்சம் இருக்கு. 1983 யூலையில் கனக்கக் கடைகள் எரிந்தன. 1990, 91 இல் தீவுகளில் இருந்து சனம் இடம்பெயர்ந்தபோது வீடுகளில் இருந்த கணக்குக் கொப்பிகளும் போயிட்டுது.

2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தைப் போன்ற முயற்சிகளால் இப்படியான மலர்களை இண்டைக்கு வீட்டில இருந்தே பார்க்கலாம். ஆனால் படமாக இருக்கிற பக்கத்துக்குள்ள ஒரு ஊர்ப்பெயரைத் தேட ஏலாது. படத்தை எழுத்தாக மாத்த டெசரக்ட் எண்ட திறந்த மூல மென்பொருளை எடுத்து ஓட்டினேன். புங்குடுதீவு வந்தது. நெடுந்தீவும் வந்தது. வேலணை, சரவணை, அனலைதீவு, நயினாதீவு ஒண்டும் சரியாக வரேல்லை. புகையிலையும் வரேல்லை!

காரணம் பிடிபட ரெண்டு நாள் எடுத்தது. எல்லாம் பழைய எழுத்து. ‘ணை’, ‘லை’, ‘னை’ இல் ஐகாரம் யானைத் துதிக்கை மாதிரி மேலால வளையும். ‘னா’, ‘ணா’, ‘றா’ இல் கால் தனியாக நில்லாமல் எழுத்தோடயே சுழியும். தமிழ்நாட்டு அரசு 1978 இல் இந்த வடிவங்களை மாற்றியது. எங்கட அச்சுக்கூடங்கள் அதுக்குப் பிறகும் கன காலம் பழைய அச்சையே கோத்தன. புது எழுத்துருக்களில் பழகின மென்பொருளுக்குத் தீவகத்தின் பாதி ஊர்ப்பெயர் தெரியாமல் போனது இப்படித்தான்.

பழைய எழுத்தைப் பழக்கலாம், அதுக்கு வழி இருக்கு. ஆனால் நான் பார்த்துச் செய்த வழிகாட்டி டெசரக்ட் 5 க்கு எழுதப்பட்டது. என்னிடம் இருந்ததோ வெளிநாட்டுச் சொந்தக்காரர் விட்டுப்போன 32 பிட் லப்டொப், உபுண்டு 16.04. அதோட வந்தது டெசரக்ட் 3. ‘புது உபுண்டு போடலாம்தானே’ எண்டு கேட்பீங்கள். 2017 இன் 17.10 பதிப்போட 32 பிட்டுக்கான வழமையான உபுண்டு நிறுவல் வட்டை நிப்பாட்டிட்டினம். அப்ப மிச்சம் இருந்தது ஒரே வழி: மூலநிரலை இறக்கி, நானே கொம்பைல் செய்யிறது. மனிசர் எழுதின நிரலை இயந்திரம் ஓட்டக்கூடிய கோப்பாக மாத்துறதுதான் கொம்பைலரின் வேலை. லினக்ஸ் உலகத்தில அது பெரும்பாலும் ஜிசிசி. ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1987 இல் வெளியிட்டது.

முதல் கட்டளையிலேயே நிண்டிட்டுது. உன்ர கொம்பைலருக்கு சி++17 தெரியாது, மேற்கொண்டு போக ஏலாது எண்டது செய்தி. என்னிடம் இருந்தது ஜிசிசி 5.4. சி++ மொழியின் 2017 ஆம் ஆண்டுத் தரத்தில எழுதின நிரலை அந்தத் தரம் வர முந்தி வந்த கொம்பைலரிடம் குடுத்திருக்கிறன். பிழை ஆரிலயும் இல்லை.

இந்த இடத்திலதான் எனக்குள்ள இருந்த வரலாற்று மாணவி முழிச்சாள். டெசரக்டின் கதையே ஒரு விசித்திரம். 1985 இல் எச்.பி நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் தொடங்கி 1994 வரை வளர்ந்தது. 1995 இல் நெவாடாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் வேகாஸ் வளாகத்தில நடந்த சோதனையில் முன்னணியில நிண்டது. பிறகு பத்து வருசம் அலுமாரிக்குள்ள. 2005 இல் திறந்த மூலமாக வெளியில வந்தது, 2006 இல் இருந்து கூகிள் ஆதரிச்சது. முதலில சி மொழியில எழுதி, பிறகு கொஞ்சம் சி++ இல் எழுதி, கடைசியில முழுவதும் சி++ கொம்பைலருக்கு ஒத்துவாற மாதிரித் திருத்தின நிரல் அது. நாலாம் பதிப்பு சி++11 கேட்டது, அஞ்சாம் பதிப்பு சி++17 கேட்குது. ஒவ்வொரு பதிப்பும் தன்ர காலத்துக் கொம்பைலரைக் கையில பிடிச்சுக்கொண்டுதான் வந்திருக்கு.

இந்தச் சண்டை புதுசும் இல்லை. 2000 செப்ரெம்பரில ரெட் ஹற் 7.0 வெளிவந்தபோது அதுக்குள்ள ‘ஜிசிசி 2.96’ இருந்தது. அப்படி ஒரு பதிப்பை ஜிசிசி ஆக்கள் வெளியிடவே இல்லை! வளர்ச்சியில இருந்த நிரலை எடுத்து நிறுவனம் தானே இலக்கம் போட்டது. தங்கட மற்ற வன்பொருள்களுக்கும் நல்ல சி++ ஆதரவுக்கும் அது தேவை எண்டு அவை சொன்னவை. அதில கொம்பைல் செய்த சி++ நிரல்கள் முந்தின 2.95 ஓடயும் ஒத்துப்போகாது, வரப்போற 3.0 ஓடயும் ஒத்துப்போகாது எண்டு ஜிசிசியின் வழிநடத்தற் குழு அறிக்கை விட்டது. லினக்ஸின் கருவையே அதால நம்பிக் கொம்பைல் செய்ய ஏலாமல், அதுக்கெண்டு பழைய கொம்பைலர் ஒண்டையும் பெட்டிக்குள்ள சேர்த்து வைச்சினம். என்னைக் கேட்டால் ரெண்டு பக்கத்திலயும் நியாயம் இருக்கு. இருந்தாலும், இல்லாத இலக்கத்தைப் போட்டதை மன்னிக்க மனம் வரேல்லை. அடிக்குறிப்பில பொய்யான பதிப்பு ஆண்டு போடுற மாதிரி அது.

2015 இல் ஜிசிசி 5 வந்தபோது இன்னொரு குழப்பம். சி++11 தரத்துக்கு ஏற்ப, சொற்களைச் சேமிக்கிற ‘ஸ்ட்ரிங்’ இன் உள்ளமைப்பு மாறவேண்டி இருந்தது. பழசும் புதுசும் தெரியாமல் கலந்து ஓடினால் ஆபத்து எண்டு, புதுசுக்கு உள்ளுக்குள்ள வேறொரு பெயரை வேணுமெண்டே வைச்சினம். அதால பழைய கொம்பைலரில செய்த நூலகக் கோப்பு கண்ணுக்கு முன்னால இருந்தாலும், ‘நீ கேட்ட பெயர் இதுக்குள்ள இல்லை’ எண்டு இணைப்பி சொல்லும். இதை வாசிச்சபோது எனக்கு ஒல்லாந்தர் ஞாபகம் வந்தது. நயினாதீவுக்கு ஹார்லெம், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், அனலைதீவுக்கு ரொட்டர்டாம் எண்டு தங்கட ஊர்ப்பெயர்களை வைச்சவை. நெடுந்தீவுக்கு வைச்ச டெல்ஃப்ட் மட்டும்தான் நிலைச்சது. அவையின்ர ஆவணத்தில ‘நயினாதீவு’ எண்டு தேடினால் தீவு கிடையாது. தீவு அங்கதான் இருக்கு.

வேறு விதமாயும் நிரல் உடையும். முன்கூட்டி அறிவிக்காத செயற்கூறைக் கூப்பிடுறதை சி மொழியின் 1999 தரமே நீக்கிப்போட்டுது. ஜிசிசி கன காலம் அதை எச்சரிக்கையோட விட்டது. 2024 இல் வந்த 14 ஆம் பதிப்பில அதுவே பிழை ஆகியிட்டுது. அதால நேற்றுவரை கொம்பைல் ஆன பழைய நிரல், ஒரு எழுத்தும் மாறாமலே, இண்டைக்கு ஆகாது. இந்தக் கண்டிப்பால உண்மையான பிழைகள் பிடிபடுகிறது, அதை நான் குறை சொல்லேல்லை. ஆனால் பழைய நிரலைத் திருத்த ஆள் இல்லாத இடத்திலயும், புது இயந்திரம் வாங்கக் காசில்லாத இடத்திலயும்தான் அதின்ர விலை விழுது.

என்ர விசயத்துக்கு வாறன். உபுண்டுவுக்கெண்டு புதுக் கொம்பைலர்களை வைச்சிருக்கிற தனிக் களஞ்சியத்தில இருந்து ஜிசிசி 9 ஐ இறக்கினேன், பழசை அழிக்காமல். அடுத்த தடை லெப்டோனிகா. டெசரக்ட் படங்களைக் கையாளப் பாவிக்கிற நூலகம் அது. 1.74 அல்லது அதுக்கு மேல வேணும், என்னிடம் 1.73. அதையும் மூலத்தில இருந்து கட்டினேன். கட்டி முடிச்ச பிறகும் ‘1.74 வேணும்’ எண்டே நிண்டுது. பழைய கோப்பு ஒரு அடைவில, புதுசு இன்னொண்டில. தேடுறவர் பழைய இடத்தில மட்டும் பார்க்கிறார். பாதையைச் சொல்லிக் குடுத்த பிறகுதான் அசைஞ்சது. கொம்பைல் பாதியில கரண்டும் போய், விடிய நாலு மணிக்கு முடிஞ்சது.

உடன ஒரு கோப்புத் திறந்து எழுதி வைச்சன்: கொம்பைலர் இலக்கம், லெப்டோனிகா இலக்கம், டெசரக்ட் இலக்கம், குடுத்த கட்டளைகள், திகதி. மூலநிரலைப் பத்திரமாக வைச்சிருக்கிற எத்தினையோ பேர் இதை எழுதி வைக்கிறேல்லை. எங்கட பாடத்தில ஒரு மூலாதாரத்தை எங்க, எந்தப் பதிப்பில பார்த்தனீர் எண்டு கேட்டு உயிரை எடுப்பினம். அந்தப் பழக்கம் எனக்கு இங்க உதவினது.

இனிப் பழக்கிற வேலை. விளம்பரங்களை வரிவரியாக வெட்டி, ஒவ்வொண்டுக்கும் சரியான எழுத்தைக் கையால தட்டவேணும். இதுவரை 140 வரி முடிஞ்சிருக்கு. அதில அறுபத்தோராவது வரி மாத்தறையில இருந்த ஒரு சுருட்டுக்கடை, உரிமையாளர் ஊர் வேலணை. வாசிக்கேலாமல் மங்கி இருந்த முதலெழுத்தைக் கேட்க அம்மம்மாவிடம் லப்டொப்பைக் கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டிக் கனநேரம் பார்த்துப்போட்டு, “இது உன்ர அம்மப்பா முதல் முதல் வேலைக்கு நிண்ட கடையெல்லே” எண்டா. முதலெழுத்தையும் அவவே சொன்னா. தட்டி வைச்சிருக்கிறன்.