தொட்டிலருகே ஒரு தொழில்: தக்களி முதல் தையல் எந்திரம் வரை

குழந்தை உடைகளை வீட்டிலிருந்தே தைத்து விற்கும் தாய்மார்களை இன்று நம் ஊர்கள் பலவற்றிலும் காண்கிறோம். அகீகாவுக்கு வெள்ளைச் சட்டை, பெருநாளுக்குப் பாவாடை, மதரஸாவுக்குப் போகும் பிள்ளைக்குத் தொப்பி, பிறந்த சிசுவுக்கு மெல்லிய பருத்தி உடுப்பு என்று அவர்கள் கைகளில் உருவாகாத பொருளில்லை. கைக்குழந்தையை உறங்கவைத்த பின் எந்திரத்தின் முன் அமர்வதும், அழுகுரல் கேட்டதும் எழுவதும், மீண்டும் வந்து விட்ட இடத்தில் தொடர்வதும் அவர்களது அன்றாடம். இவர்களைப் பற்றிப் பேசுகையில் நம் வீடுகளில் வழங்கும் ஒரு சொல் உண்டு: 'சும்மா இருக்கிற நேரத்தில் தைக்கிறாள்.' பாராட்டாகவே இதைச் சொல்கிறோம். எனினும் இத்தொழிலின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அந்தச் 'சும்மா' என்ற சொல் பெண்களின் கூலியை எவ்வளவு தின்றிருக்கிறது என்பது விளங்கும். நம் மார்க்கத்தின் முதல் தலைமுறை அவ்வுழைப்பை அவ்வாறு எண்ணவில்லை என்பதும் விளங்கும்.

நூலும் துணியும் ஏன் பெரும்பாலும் பெண்களின் கைகளில் வந்து சேர்ந்தன? 1970ஆம் ஆண்டில் மானிடவியலாளர் ஜூடித் பிரௌன் இதற்கு ஒரு எளிய விளக்கம் தந்தார். பாலூட்டும் தாயொருத்தி செய்யக்கூடிய வேலை வீட்டுக்கு அருகில் இருக்க வேண்டும்; பக்கத்திலிருக்கும் குழந்தைக்கு ஆபத்து விளைவிக்கக் கூடாது; நடுவில் நிறுத்திப் பின் எளிதாகத் தொடரத்தக்கதாக இருக்க வேண்டும். நூற்பும் நெசவும் தையலும் இம்மூன்றுக்கும் பொருந்துகின்றன; உலையும் வேட்டையும் பொருந்துவதில்லை. துணி வரலாற்றை ஆராய்ந்த எலிசபெத் வேலண்ட் பார்பர் இவ்விளக்கத்தையே அடித்தளமாகக் கொண்டு, பெண்களின் இருபதாயிரம் ஆண்டு உழைப்பைப் பற்றி ஒரு நூலே எழுதினார். இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்று: நடுவில் நிறுத்தக்கூடிய வேலை என்பதாலேயே அது வேலையல்ல என்றாகிவிடாது. நிறுத்தி நிறுத்திச் செய்வதற்குக் கூடுதல் நினைவாற்றலும் பொறுமையும் தேவை என்பதைத் தைப்பவர்கள் அறிவார்கள்.

இனி மதீனாவுக்கு வருவோம். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் திருக்குர்ஆன் ஞானத்தில் ஸஹாபாக்களுள் முன்வரிசையில் நின்றவர்கள்; செல்வத்தில் மிக எளியவர்கள். அவர்களுடைய துணைவியார் ஸைனப் (ரலி) கைத்தொழிலில் தேர்ந்தவர். தாம் செய்த பொருட்களை விற்றுவரும் வருவாயைக் கணவருக்கும், தம் பொறுப்பில் வளர்ந்த அநாதைக் குழந்தைகளுக்கும் செலவிட்டு வந்தார். முஸ்னத் அஹ்மதில் வரும் அறிவிப்பொன்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவியை ராயித்தா என்ற பெயரால் குறிப்பிடுகிறது. இருவரும் ஒருவரே என்று கருதிய அறிஞர்களும் உளர். கணவரிடமும் பிள்ளையிடமும் எதுவும் இல்லாததால் சம்பாதிப்பதெல்லாம் வீட்டுக்கே போய்விடுகிறது, தம்மால் தர்மம் செய்ய இயலவில்லையே என்ற ஏக்கம் அந்த அறிவிப்பில் வெளிப்படுகிறது.

பெண்களே, உங்கள் அணிகலன்களிலிருந்தேனும் தர்மம் செய்யுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் ஊக்குவித்த ஒரு நாளில் அந்த ஏக்கம் கேள்வியாக மாறியது. குடும்பத்துக்காகச் செலவழிப்பது தர்மமாகக் கொள்ளப்படுமா என்று நபியவர்களிடம் கேட்டு வருமாறு ஸைனப் கணவரை வேண்டினார். நீயே போய்க் கேள் என்று அவர் சொல்லிவிட்டார். ஸைனப் சென்றபோது, வாசலில் அன்ஸாரிப் பெண்ணொருவர் அதே கேள்வியோடு நின்றிருந்தார். அவ்வழியே வந்த பிலால் (ரலி) அவர்களிடம், நாங்கள் யாரென்று சொல்லாமல் கேட்டு வாருங்கள் என்று இருவரும் வேண்டிக்கொண்டனர். பிலால் உள்ளே சென்று கேட்டார். கேட்பவர்கள் யார் என்று நபியவர்கள் வினவ, பிலாலால் மறைக்க முடியவில்லை, ஸைனப் என்றார். எந்த ஸைனப் என்ற அடுத்த கேள்விக்கும் விடை சொல்ல நேர்ந்தது. பிறகு வந்த தீர்ப்பு, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது: அவருக்கு இரண்டு கூலிகள் உண்டு, ஒன்று உறவைப் பேணியதற்கு, மற்றொன்று தர்மத்துக்கு.

இந்நிகழ்ச்சியைக் கணவனுக்குப் பணிவிடை செய்த மனைவியின் சிறப்பாக மட்டும் விவரித்துக் கடந்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அதன் உள்ளே இருக்கும் சட்டப் பொருளைக் கவனியுங்கள். ஒரு பொருள் தர்மமாக வேண்டுமானால் அது கொடுப்பவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். கணவருக்கும் குழந்தைகளுக்கும் ஸைனப் கொடுத்தது தர்மமெனில், அவர் கைத்தொழிலில் வந்த பணம் குடும்பத்தின் பொதுப் பணமன்று, அவருடைய பணம். அது குடும்பத்துக்கு வந்தது கடமையாக அன்று, கொடையாக. இந்த ஹதீஸை வைத்தே பிற்கால இமாம்கள் இன்னொரு கேள்வியையும் ஆராய்ந்தனர்: மனைவி தன் ஸகாத்தைக் கணவனுக்குக் கொடுக்கலாமா? கூடும் என்பது இமாம் ஷாஃபி அவர்களின் கருத்து. கூடாது என்றார்கள் இமாம் அபூஹனீஃபா. அவர்களுடைய மாணவர்களான அபூயூஸுஃபும் முஹம்மதும் ஆசிரியரோடு உடன்படாமல் கூடுமென்றார்கள். விடை வேறுபட்டாலும், பணம் மனைவியுடையது என்பதில் ஒருவரும் வேறுபடவில்லை.

அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களும் இத்தகைய கேள்வியைக் கேட்டார்கள். முந்தைய கணவர் அபூஸலமாவின் பிள்ளைகள் தம் பிள்ளைகளே அல்லவா, அவர்களுக்குச் செலவிடுவதற்கும் கூலி உண்டா என்பது அக்கேள்வி. உண்டு என்பதே விடை. திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம், 233ஆம் வசனம் பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் அளிப்பதைத் தந்தையின் பொறுப்பாக்குகிறது. உடைக்கு அங்கே வரும் சொல் 'கிஸ்வா'. கஃபாவின் போர்வைக்கு வழங்கும் அதே சொல். மனைவி எவ்வளவு தைத்துச் சம்பாதித்தாலும் இந்தப் பொறுப்பு தந்தையை விட்டு நீங்குவதில்லை. நான்காம் அத்தியாயத்தின் 32ஆம் வசனமோ, ஆண்கள் சம்பாதித்ததில் அவர்களுக்குப் பங்கு இருப்பது போலவே பெண்கள் சம்பாதித்ததில் அவர்களுக்கும் பங்குண்டு என்று கூறுகிறது.

மற்றொரு ஸைனப், நபியவர்களின் துணைவியார் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி). தோல் பதனிட்டுத் தைத்து, வந்ததையெல்லாம் தர்மம் செய்தவர்கள். தம் மனைவியருள் தம்மை முதலில் வந்தடைபவர் நீண்ட கைகளையுடையவர் என்று நபியவர்கள் சொல்லியிருக்க, அன்னையர் தங்கள் கைகளை அளந்து பார்த்தார்களாம். ஹிஜ்ரி 20இல் ஸைனப் மறைந்தபோதுதான் 'நீளம்' என்பதன் பொருள் விளங்கியது. கையால் உழைத்துக் கொடுத்த கை அது.

அடுத்த நூற்றாண்டில் கூஃபா நகரம். ஹதீஸ் கலையின் பேரறிஞர் ஸுஃப்யானுத் தவ்ரீ (மறைவு ஹிஜ்ரி 161, கி.பி. 778) இளைஞராக இருந்த காலம். நீ கல்வியைத் தேடு, என் தக்களியைக் கொண்டு உன்னை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவருடைய தாயார் சொன்னதாக வரலாற்று நூல்கள் பதிந்துள்ளன. பத்து ஹதீஸ்களை எழுதியதும் உன் நடையிலும் பொறுமையிலும் ஏதேனும் வளர்ந்திருக்கிறதா என்று பார், இல்லையெனில் அந்தக் கல்வியால் உனக்குப் பயனில்லை என்றும் அவர் மகனை எச்சரித்தார். மேடைகளில் இந்த இரண்டாம் பகுதியைத்தான் நாம் மிகுதியாகக் கேட்கிறோம். முதற்பகுதியில் இருக்கும் தக்களி கண்ணில் படுவதில்லை. கையில் பிடித்து, நின்றும் நடந்தும் சுழற்றி, முழம் முழமாக நூல் இழுத்து, அதை விற்றுத்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. ஓர் இமாமின் கல்விச் செலவு ஒரு தாயின் விரல்களிலிருந்து வந்தது.

பழைய கெய்ரோவின் யூத ஆலயம் ஒன்றில் கிடைத்த கெனீஸா ஆவணங்களிலும் இந்தப் பணத்தைப் பற்றிய பேச்சு இருக்கிறது. யூத வழக்கப்படி, கணவன் மனைவியைப் பராமரிப்பதற்கு ஈடாக அவள் கைவேலையின் வருவாய் அவனைச் சேரும். ஆகவே, அவள் சம்பாத்தியம் அவளுக்கே என்ற நிபந்தனையைத் தனியே எழுதிச் சேர்த்த திருமண ஒப்பந்தங்கள் அங்கே காணப்படுகின்றன. பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண்ணுக்கு அவ்வுரிமை எழுதாமலே இருந்தது. உதுமானிய ஆட்சியில் பட்டுக்குப் பெயர்பெற்ற பூர்ஸா நகரில் 1678ஆம் ஆண்டின் பதிவொன்று, பட்டு நூற்கும் கருவிகள் ஏறத்தாழ 300 இருந்ததையும் அவற்றுள் பாதி பெண்களிடம் இருந்ததையும் காட்டுகிறது. இங்கிலாந்திலோ, திருமணமான பெண்ணின் கூலி அவளுக்கே சொந்தம் என்று சொல்ல 1870ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியிருந்தது.

உரிமை ஏட்டில் இருந்தது என்பதால் அது வீட்டிலும் இருந்தது என்று நாம் சொல்லவில்லை. அதற்குப் பின்னர் வருவோம்.

தையல் எந்திரத்தின் கதையிலும் ஒரு தாய் இருக்கிறார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் வாழ்ந்த எலியாஸ் ஹோவ் நோயும் வறுமையுமாக இருந்தபோது, மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டு அவர் மனைவி பிறர் துணிகளைத் தைத்துக் குடும்பத்தைக் காத்தாரென்றும், அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தே ஹோவ் எந்திரத்தைக் கற்பனை செய்தாரென்றும் சொல்வர். 1846இல் அவர் காப்புரிமை பெற்றார். 1851இல் ஐசக் சிங்கர் தம் எந்திரத்துக்குப் பெற்றார். மனைவியின் சிரமம் காணப் பொறாமல் அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்று காந்தியடிகள் 1924இல் கூறி, எந்திரங்களைக் குறித்த தம் மறுப்பிலிருந்து தையல் எந்திரத்துக்கு விலக்களித்தார். சிங்கரின் குடும்ப வாழ்க்கையைப் படித்தவர்கள் இதைக் கேட்டுப் புன்னகைப்பார்கள். அந்தப் பாராட்டு ஹோவுக்கே பொருந்தும்.

கையால் 14 மணி நேரத்துக்கு மேல் பிடித்த ஓர் ஆண் சட்டையை எந்திரத்தில் ஒன்றேகால் மணி நேரத்தில் தைக்கலாம் என்று 1861இல் அமெரிக்க நிறுவனமொன்று கணக்குக் காட்டியது. 1856 முதல் சிங்கர் நிறுவனம் எந்திரத்தைத் தவணைக்குக் கொடுத்ததால் நடுத்தர வீடுகளுக்குள்ளும் அது நுழைந்தது. நம் வீடுகளில் மஹருக்கும் சீருக்கும் நடுவே, மூலையில் துணி போர்த்தி நிற்கும் காலால் மிதிக்கும் எந்திரம் அவ்வாறு வந்ததுதான். நேரம் மிச்சமானது உண்மை. மிச்சமான நேரத்துக்கு ஏற்பக் கூலி கூடியதா என்பதுதான் கேள்வி.

1982இல் வெளிவந்த மரியா மீஸின் ஆய்வு ஆந்திரத்தின் நரசாபுரத்தில் சரிகைப் பின்னல் போன்ற 'லேஸ்' பின்னும் பெண்களைப் பற்றியது. நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம், அதுவும் சமையலும் பிள்ளை வளர்ப்பும் போக, அவர்கள் பின்னினார்கள். அவர்களை ஊரும் வணிகரும் அரசும் 'இல்லத்தரசிகள்' என்றும், அவர்கள் வேலையை 'ஓய்வு நேர வேலை' என்றும் அழைத்தனர். ஓய்வில் செய்வதற்கு எதற்கு முழுக் கூலி? பொருள் கடல் கடந்து போயிற்று. இலாபம் நடுவிலிருந்தவர்களிடம் தங்கியது. லக்னோவின் சிக்கன் பூவேலை செய்பவர்களுள் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். அங்கும் இதே சொல்லாலேயே கூலி குறைக்கப்பட்டதை கிளேர் வில்கின்சன்-வெபர் 1999இல் வெளியிட்ட நூலில் காணலாம். கேள்வி கேட்கும் உரிமை மதீனாவின் ஸைனபுக்கு இருந்தது போலவே லக்னோவின் ஸைனபுக்கும் ஏட்டளவில் இருந்தது. கேட்பதற்கு ஒரு வாசல்தான் இருக்கவில்லை.

வீட்டிலிருந்து செய்யும் வேலைக்காகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா அதை உறுதிசெய்யவில்லை. உறுதிசெய்திருந்தாலும், தானே துணி வாங்கி, தானே தைத்து, தானே விற்கும் தாய் அதற்குள் வரமாட்டார். பிறர் கொடுத்த வேலையைச் செய்பவர்களுக்கானது அது. அவருக்குக் கூலி நிர்ணயிப்பவர் அவரேதான்.

அங்கேதான் 'சும்மா' என்ற சொல் உள்ளே புகுந்துவிடுகிறது. குழந்தை உடைக்குத் துணி குறைவு, ஆகவே விலையும் குறைய வேண்டும் என்று வாங்குபவர்கள் நினைக்கிறோம். தைத்துப் பார்த்தவர் அவ்வாறு சொல்லமாட்டார். ஒரு வயதுப் பிள்ளையின் கைத்துளை அவ்வளவு சிறியது. எந்திரத்தின் ஊசிக்கடியில் அதைத் திருப்புவதற்கே தனிப் பழக்கம் வேண்டும். உட்புறத் தையல் தோலில் உரசக்கூடாது. பொத்தான் வாயில் போய்விடாதபடி உறுதியாக இருக்க வேண்டும். காஜா எடுப்பதும் ஓரம் மடிப்பதும் பெரியவர் சட்டைக்கு எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவுதான். துணியின் விலையோடு நூலையும் மின்சாரத்தையும் கூட்டுபவர்கள், பிள்ளை உறங்கிய இரண்டு மணி நேரத்தைக் கூட்டுவதில்லை.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களில் மணமான பின்னும் பெண் தாய்வீட்டிலேயே வாழ்வதும், அவளுக்கென வீடு கொடுப்பதும் நெடுநாளைய வழக்கம். ஆண்கள் வணிகத்துக்காகக் கொழும்புக்கும் அப்பாலும் சென்ற தலைமுறைகளில் அவ்வீடுகள் பாட்டி, தாய், மகள் என்று மூன்று தலைமுறைப் பெண்களால் நடந்தன. ஒருத்தி ஊசி பிடிக்கும்போது இன்னொருத்தி தொட்டிலை ஆட்டினாள். அந்த வசதி இன்று நகரத்து அடுக்குமாடி வீட்டிலிருந்து தைக்கும் இளம் தாய்க்கு இல்லை. தன் தாயார் ஊரில் இருக்க, மாமியாரும் வேறூரில் இருக்க, அவர் தனியாகத்தான் தொட்டிலையும் எந்திரத்தையும் பார்த்துக்கொள்கிறார். ரமளானின் கடைசிப் பத்தில், மற்றவர்கள் தராவீஹ் முடித்துத் திரும்பும் வேளையில், அவர் வீட்டில் பெருநாள் உடுப்புகளுக்கான கடைசித் தையல் ஓடிக்கொண்டிருக்கும். அந்த உடுப்புகளின் பணம் மாதக் கடைசியில் பிள்ளையின் பள்ளிக் கட்டணமாகப் போகும்போது, அது வீட்டுச் செலவுக் குறிப்பேட்டில் யார் பெயரில் எழுதப்படுகிறது?